சைக்கிளின் இரு பக்கமும்

கறம்பக்குடிக்கு மூன்று மைல் தள்ளி இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது ஐம்பதுகள் முடியப்போகிற நேரம். எனக்கு இருபத்தொரு வயது. அப்பா இல்லாமல் என்னை வளர்த்த ஆத்தா திருமயம் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருந்துகொண்டார். நான் கறம்பக்குடியில் ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்குக் குடியேறினேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கடலைக் கொல்லையைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு நாலு வீடு தாண்டிக் கேட்கும். குடிவந்த முதல் வாரமே நான் சமைத்த ரசத்தைக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "இதக் குடிச்சா பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு எப்புடிப் பாடம் சொல்லுவ? நம்மகிட்டயே சாப்புடு" என்று என் அடுப்பை அணைத்துவிட்டார். எந்த நாளிலிருந்து அவரையும் ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்பது எனக்கே தெரியாது.

அந்தக் கிராமத்துக்கு பஸ் கிடையாது. தினமும் போக மூன்று மைல், வர மூன்று மைல் நடை. என் குதிகாலில் கொப்புளம் உடைந்து செருப்பில் ரத்தம் ஒட்டியிருந்ததை ஒரு சாயங்காலம் அவர் பார்த்துவிட்டார். மறு வாரம் வேலை மாற்றலாகிப் போன ஒரு நர்ஸின் பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கித் தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே ஆத்தா."

"எனக்கும்தான் தெரியாது. நர்ஸம்மாவுக்கு மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுச்சா?"

ஊர் எழுந்திருப்பதற்கு முன்பே அவருடைய களத்துக்குப் போவோம். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறுவேன். அவர் சீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். "மிதி! மிதி! கீழ பாக்காத!" வைக்கோல் போரில் எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கே இல்லை. விழுந்த ஒவ்வொரு தடவையும் என்னைத் தூக்குவதற்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிப்பார்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியும் ஓட்டிக்கொண்டிருந்தோம். சொல்லாமல் கொள்ளாமல் என் ஆத்தா முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டில் விசாரித்து நேராகக் களத்துக்கே வந்தார். கையில் முறுக்கு டின்னோடு களத்து ஓரத்தில் அவரைப் பார்த்ததும் மிதிப்பதை மறந்துவிட்டேன். ஹேண்டில் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

"ஆத்தா!" என்று கத்தினேன்.

"என்னத்தா!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

என் ஆத்தா ஓடிவந்தவர் அப்படியே நின்றார். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவுகளும் ஒனக்கு ஆத்தாவா?" என்று கேட்டார். பிறகு வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பி, "வயசுப்புள்ளய இப்புடித்தான் பாத்துக்கிறீங்களா? கையி காலு ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டார்.

வீட்டுக்காரம்மா பதிலுக்குக் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கி ஆத்தாவுக்குக் காட்டினார். "நீங்களே பாருங்க. இந்தக் காலோட எத்தன நாளு நடக்கும்?"

ஆத்தா குனிந்து கொப்புளத் தழும்புகளைத் தடவிப் பார்த்தார். பிறகு முறுக்கு டின்னை வரப்பில் வைத்தார், முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நீங்க ஒத்த ஆளாப் பிடிச்சா சாயத்தான செய்யும்? நான் இங்கிட்டுப் பிடிக்கிறேன், நீங்க அங்கிட்டுப் பிடிங்க."

அன்று காலை முழுவதும் இரண்டு பேரும் சைக்கிளின் இரு பக்கமும் ஓடினார்கள். ஒருவர் "மெதுவா" என்றால் இன்னொருவர் "வேகமா" என்றார். கடைசியில் மூன்று பேரும் மூச்சு வாங்க வைக்கோலில் சாய்ந்து முறுக்குத் தின்றோம். ஆத்தா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாளுக்கென்று வந்தவர் பத்து நாள் தங்கினார்.

நான் முதன்முதலாக சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போன அன்று, முதல் மணி அடித்து ஒரு மணி நேரம் இருக்கும். பிள்ளைகள் சன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே புழுதிக் காலோடு இரண்டு பேரும் நின்றார்கள். நான் வழியில் எங்கேயாவது விழுந்து கிடக்கிறேனா என்று ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துக்கொண்டே மூன்று மைலும் நடந்து வந்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் சிரித்துக்கொண்டே அவர்களை உள்ளே அழைத்துக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அந்த இருவரும் நான் நடத்திய வாய்ப்பாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து உரக்கச் சொன்னார்கள்.

நான்கு வருஷம் கழித்து எனக்குக் கீரனூர் பக்கம் மாற்றலானது. ஒரு விடுமுறையில் ஆத்தாவைப் பார்க்க ஊருக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. "கறம்பக்குடி போயிருக்காகளே, ஒனக்குத் தெரியாதா? மாசத்துக்கு ஒருக்கா போவாகளே" என்றார்கள் பக்கத்து வீட்டில். அடுத்த பஸ் பிடித்துப் போனேன். இரண்டு பேரும் முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் என் ஆத்தா, "நீ எங்கிட்டு வந்த?" என்று கேட்டார், ஏதோ நான்தான் விருந்தாளி என்பது போல.