எந்த மோட்டாரும் பிடிக்காத மாமா

என் அக்கா புருஷனுக்குப் படகுத்துறையில் 'டாக்டர்' என்று பெயர். ஊசியெல்லாம் போட மாட்டார். ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்குரு டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். "பேரிங் போகப்போகுது" என்பார். போகும். துறையில் யார் மோட்டார் வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். விற்கிறவர்கள் அவரைக் கண்டாலே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

ஊரான் மோட்டாரில் எல்லாம் ஓட்டை கண்டுபிடித்துப் பழகியதாலோ என்னவோ, மனிதர் யாரையும் நம்பமாட்டார். விற்கிறவன் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். மீன் எடை போடும் தராசைச் சுற்றி வந்து குனிந்து அடியில் பார்ப்பார். கொஞ்ச காலமாக இந்த வியாதி வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அடுப்படியில் அக்காவும் மகளும் பேசிக்கொண்டால், "என்னைப் பத்தி அங்க என்ன குசுகுசுன்னு?" என்று கத்துவார். அக்கா பாவம், உப்பு தீர்ந்துபோனதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்கள் படகு சின்னது. அவரும் நானும் மட்டும் போவோம். ஒரு நாள் காலையில், பல வருஷமாக ஓடிய எங்கள் மோட்டாரின் மேல் ஸ்குரு டிரைவரை வைத்துக் கேட்டவர், தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இதுக்கு உயிர் போயிடுச்சு மாப்ள. உள்ள கேக்க வேண்டிய சத்தம் கேக்கல. திரும்பி வர்றப்ப நின்னுதுன்னா, அலை நம்மளைப் பாறையில கொண்டுபோய் அடிச்சிடும்."

என் காதுக்கு அது எப்போதும்போலத்தான் ஓடியது. ஆனால் டாக்டரிடம் நான் என்ன வாதாடுவது? பக்கத்துப் படகுக்காரர், "உடைச்சு உதிரியா வித்துக்கறேன்" என்று கேட்டார். கொடுத்துவிட்டோம். அடுத்த வாரமே அவர் அதை அப்படியே தன் படகில் மாட்டிக்கொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே கடலுக்குப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ள எதையோ மாத்தியிருக்கான், திருட்டுப் பய" என்றார் மாமா.

அப்புறம் தொடங்கியது எங்கள் அலைச்சல். முதலில் பழைய மோட்டார் விற்கும் ஒருவரின் பட்டறை. மாமா போனதும் போகாததுமாக மோட்டாரின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கே? நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்க. ஆறினா ஸ்டார்ட் ஆகாது, அப்படித்தானே?" விற்கிறவர் அசடு வழிந்தார். மனசுக்குள் மாமாவுக்கு ஒரு சபாஷ் போட்டேன்.

அடுத்தது, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் வீட்டில் துணி போட்டு மூடி வைத்த மோட்டார். ஆசைக்கு வாங்கி அதிகம் ஓட்டாமலே வைத்திருந்தார். புதுப்பெண் மாதிரி இருந்தது. மாமா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அதே கோளாறு." அதற்கடுத்த இடத்திலும் அதே கோளாறு. நான் பொறுமை இழந்தேன்.

"எல்லா மோட்டாருக்கும் ஒரே வியாதியா மாமா?"

"எல்லாரும் ஒரே ஆள்கிட்ட ரிப்பேர் பாக்கறானுங்க. கூட்டுக் களவாணிங்க." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "நீ ஏன் இவ்வளவு அவசரப்படற? உனக்கு எவன் கமிஷன் தர்றான்?"

நான் வேகமாக முன்னால் நடந்தேன். பேசியிருந்தால் அக்கா முகத்தில் முழிக்க முடியாத அளவுக்குப் பேசியிருப்பேன். படகு கரையில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் வேறு படகில் கூலிக்கு ஏற வேண்டியதுதான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

கடைசியில் புது மோட்டார் கடைக்கே போனோம். மெக்கானிக் ஒரு பெண். ஒரு மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டி ஓடவிட்டாள். மாமா குனிந்து கேட்டார். "என்னம்மா, மூச்சே காணோம்? சத்தம் போடாத மோட்டார் எதையோ மறைக்குதுன்னு அர்த்தம்."

"புது மாடல் அப்படித்தான் சார். ஆனா ஆபத்துன்னா சத்தம் போடும். இஞ்சின் ரொம்பச் சூடானா பஸ்ஸர் கத்தும். உடனே நிறுத்திடணும், இல்லேன்னா உள்ள இறுகி நடுக்கடல்ல நின்னுடும். கேக்கறீங்களா?" மோட்டாரை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டு, ஒரு ஒயரை எடுத்து இரும்பில் தொடவைத்தாள்.

வீலென்று ஒரு சத்தம். பல் கூசியது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கல்லாவில் இருந்த முதலாளி முகத்தைச் சுளித்தார்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ம், கத்தச் சொல்லு."

"கத்திக்கிட்டுதானே சார் இருக்கு?"

மாமா அவளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், காதைப் பொத்தியிருந்த என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டு நாடகம் ஆடறீங்களா? எனக்கேவா?"

அப்போது பக்கத்துக் கடைத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு வாசலில் வந்து நின்று கத்தினார். "அந்தச் சனியனை நிறுத்தித் தொலைங்கய்யா! மனுஷன் வேலை செய்ய வேணாமா?"

மாமா அவரிடம் போனார். "நீங்க இவங்களுக்கு வேண்டியவரா?"

"இவங்களுக்கா? தினமும் இந்தச் சத்தத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்!"

மாமா திரும்பி வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் படகின் முன்பக்கத்திலிருந்து நான் "பாறை, பாறை" என்று தொண்டை கிழியக் கத்தியும், பின்னால் மோட்டார் பக்கம் இருந்த அவர் தாமதமாகத்தான் திருப்பினார். வீம்பு என்று நினைத்திருந்தேன். நாங்கள் பார்த்த மோட்டார்களில் அந்தச் சூடான ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்ல மோட்டார்தான் போலிருக்கிறது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இன்னொரு தடவை வைம்மா" என்றார். அவள் ஒயரைத் தொடவைத்தாள். அவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இப்ப கத்துதா மாப்ள?"

"கத்துது மாமா."

அவள் ஒயரை எடுத்தாள். "இப்ப?"

"நின்னுடுச்சு."

"நீ பொய் சொன்னாக்கூட எனக்குத் தெரியாது, இல்ல?"

"தெரியாது மாமா."

மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "இதையே கட்டச் சொல்லு. நாளையிலருந்து மோட்டார் பக்கம் நீ உக்காரு. நான் முன்னால போயிடறேன்."