மாளயத்துக்கு எல்பே ஆறு

அப்பா செத்த பிறகு அண்ணைக்கு வந்த பக்தியைப் பார்த்தால், கோயில் கட்டி வாழ்ந்த பரம்பரை என்றுதான் யாரும் நினைப்பார்கள். புரட்டாதி மாளயத்துக்குப் பட்டுக்கரை வேட்டி, அதற்கு மேல் தடித்த குளிர் ஜாக்கெட், காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. காலையிலேயே கோயிலில் தர்ப்பணம் கொடுத்து, மூன்று பிண்டங்களை வாழையிலையில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிக்கொண்டு வந்திருந்தார்.

"ஓடுற தண்ணியில விடட்டாம். விட்டிட்டுத் திரும்பிப் பாராமல் வரட்டாம். ஐயர் சொன்னவர். நீயும் வா" என்றார். தனியாகப் போகப் பயம். நான் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அதை மறைப்பானேன்.

அப்பா ஊரிலிருந்து நாலு வருடம் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒருக்கால் வந்து உங்கள் ரெண்டு பேரையும் பாத்திட்டுப் போறன்." அழைப்புக் கடிதத்துக்கு அண்ணை ஓர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். குளிர்காலத்தில் "இப்ப குளிர் அப்பா" என்பார். கோடையில் "இப்ப வேலை கூட அப்பா" என்பார். அப்பா கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டை ஹம்பேர்க்கில் இருந்தபடி கைபேசியில் பார்த்தோம். அதற்கெல்லாம் சேர்த்து இன்று மூன்று சோற்று உருண்டை. இதை ஒழுங்காக அனுப்பிவிட்டால் மனம் ஆறிவிடும் என்று அண்ணை நம்பினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எல்பே ஆற்றங்கரைக்குப் போனால் இறங்க இடமில்லை. பழைய துறைமேடைகளில் நின்று பார்த்தால் தண்ணீர் எங்கேயோ கீழே கிடக்கிறது. மூட்டை ஏற்றி இறக்கிய கிட்டங்கிகள் எல்லாம் இப்போது பணக்காரர் வீடுகள். கப்பல் கயிறு கட்டிய இரும்புக் குற்றிகளுக்குப் பளபளவென்று கறுப்புச் சாயம் பூசி, அவற்றில் குந்தியிருந்து கோப்பி குடிக்கிறார்கள். இனி எங்கும் போக முடியாத ஒரு கிழட்டுக் கப்பலைச் சங்கிலியில் கட்டி வைத்து, ஏறிப் பார்க்க டிக்கெட் வேறு. காற்றில் மஞ்சள் இலைகள் பறந்தன, அண்ணையின் வேட்டியும் பறந்தது. நாயோடு வந்த ஒரு கிழவி பெட்டியைப் பார்த்துவிட்டு, வாத்துக்குத் தீனி போடக்கூடாது என்ற பலகையை விரலால் காட்டினாள். "நைன், நைன்" என்று மறுத்து அண்ணை பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்பாவுக்குச் சோறு என்று ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது!

கடைசியில் சுவரோடு ஒரு பாசி பிடித்த கற்படி கிடைத்தது. அண்ணை இறங்கினார். இலையோடு பிண்டங்களைத் தண்ணீரில் விட்டார், கும்பிட்டார், ஏறினார். ஏதோ மாவட்டத்தையே ஆண்டுவிட்டு வருகிறவர் போலத் திரும்பிப் பாராமல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.

திரும்பிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இலை எங்கள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

கடல் பெருகும் நேரம் இந்த ஆறு பின்னுக்கு ஓடும். நாளுக்கு இரண்டு முறை ஓடும். ஆறில்லாத ஊரில் பிறந்தவர்கள் நாங்கள், ஆறு என்றால் கடலுக்குத்தான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. முப்பது வருடம் இந்த நகரத்தில் இருக்கிற மனிதர் ஒரு நாளாவது கரையில் நின்று தண்ணீரைப் பார்த்திருக்கக் கூடாதா? எனக்கும் அன்றுவரை தெரியாதுதான். நான் அதை வெளிக்காட்டவில்லை.

"அண்ணை, அப்பா வாறார்" என்றேன். சிரிப்பை அடக்க ஏலவில்லை.

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. அடுத்த படிக்கட்டின் அருகே, படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பங்களுக்கும் சுவருக்கும் நடுவில் இலை ஒதுங்கியது. அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி இறங்கி, கையால் தள்ளினார். இலை கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் வந்தது. "போங்கோ அப்பா, போங்கோ" என்று கெஞ்சினார்.

எனக்குச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. நாலு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உயிரோட இருக்கேக்க வர விடேல்லை. இப்பவும் விடுறியள் இல்லை."

அண்ணையின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன்னட்டையும் கேட்டவர்தானே. நீ என்ன சொன்னனீ?"

கேட்டவர்தான். எனக்கும் நிரந்தர வேலை இருந்தது. வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. அந்தப் படிவத்தில் நானும் கையெழுத்து வைத்திருக்கலாம்.

"அண்ணையைக் கேளுங்கோ அப்பா" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அண்ணை மறுப்பார் என்று தெரிந்துதான் சொன்னேன்.