ஏழு பேருக்கு ஞானத்தகப்பன்

ராயபுரத்திலிருந்து ஸ்டெல்லா போன் செய்து, "அக்கா, அப்பா பூட்டாரு" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பா சவரி அண்ணன் இறந்துவிட்டார்.

அவரை ரேஷன் கடை சவரி என்று அறிந்தவர்களே, அவருடைய இன்னொரு வேலை உங்களுக்குத் தெரியாது. இனி அதற்காக அவரை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் போர் நடந்தபோது, எண்ணூரில் ஒரு பழைய தோட்ட பங்களாவை அரசு எடுத்து, படகில் வந்த எங்களை வைத்திருந்தது. சவரி அண்ணன் அங்கே அரிசி அளந்து கொடுக்க வந்தார். எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும், மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்களில் ஏழு பேர் இங்கேயே பிறந்ததாக ஞானஸ்நானச் சான்றிதழ் எழுத ஆரம்பித்தார். வாசலில் போலீஸ், உள்ளே பட்டப்பகலில் திருட்டு முத்திரை.

எதையும் பொய்யாக எழுதுவார். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் பெயரைப் பொய்யாக எழுத மட்டும் கை வராது. "அது சும்மா பேரு இல்லம்மா, பொறுப்பு. இல்லாத ஆளு தலைல கட்டுனா பாவம்" என்பார். ஏழு பேருக்கும் தன் பெயரையே எழுதினார். எல்லாத் தாளிலும் ஒரே பெயர் இருந்தால் மாட்டிக்கொள்வோம், சுத்த முட்டாள்தனம் என்று அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

பயந்தபடியே ஆயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு தாள்களை மேசையில் போட்டார். ஒன்று என்னுடையது.

"இன்னாய்யா, ராயபுரத்துல ஞானத்தகப்பனா நிக்க வேற ஆளே இல்லியா?"

"கீறாங்க சார். கூப்ட்டா நான்தான் மொதல்ல போவேன்."

"இது உன் ஞானமகளா? மாதா மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் என்றால் அண்ணனுக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். தொலைந்தோம் என்று நினைத்தேன். 'ஆமாம்' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'ஓம்' வாயிலிருந்து நழுவிவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கழுத்து ஜெபமாலையைப் பிடித்தார்.

"சத்தியமா என் பொண்ணுதான் சார்."

குரல் பிசகவில்லை. அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தாள்களைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும், "எனக்காகப் பொய்ச் சத்தியம் செய்துபோட்டியளே அண்ணை" என்று அழுதேன்.

"இன்னா பொய்யி? எழுதும்போதே ஒத்துக்கினேனே."

அன்றிலிருந்து ஈஸ்டர் தவறாமல் எனக்குப் புதுத்துணி வந்தது. என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் அவர்தான் நின்றார்.

அடக்கத்தன்று எங்கள் ஏழு பேரில் ஐந்து பேர் இருந்தோம். ஸ்டெல்லா எங்களைப் பிள்ளைகள் வரிசையில் நிறுத்தினாள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பிறந்த ஊர் பொய், தேதி பொய், பெற்றோர் பெயரும் பொய். ஒரு வரி மட்டும் உண்மை. என்னைப் பெற்ற அப்பா எங்கே புதைந்து கிடக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த அப்பாவுக்கு என் கையால் மண் போட்டேன்.