ஆண் பூச்சி தேடிய இரவு

நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவி புஷ்பமேரியே நம்பவில்லை. ஆனால் 1986 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை, பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஒரு கரட்டுக் குன்றில் இது எனக்கு நடந்தது.

நான் சவுரியப்பன். அப்போது கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். அந்தக் கரட்டு உச்சியில் யானை பெரிசுக்கு ஒரு பாறை. அதன் ஓரத்தில் எனக்கு ஒரு பூச்சி கிடைத்திருந்தது. ஊசி மூக்கால் மற்றப் பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும் வகை. கறுப்பு உடம்பு, தோளில் இரண்டு மஞ்சள் புள்ளி. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம்! ஆனால் அது சிறகில்லாத பெண். ஆணும் கிடைத்தால்தான் உறுதியாக எழுதிப் பெயர் வைக்க முடியும். ஒன்பது மாதம் தேடினேன். கிடைக்கவில்லை. வரும் திங்கட்கிழமை கல் உடைக்க அந்தப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். அதோடு எல்லாம் போய்விடும்.

சிறகுள்ள ஆண் வெளிச்சத்துக்கு வரும். அதற்கு நல்ல இருட்டு வேண்டும். பெட்ரோமாக்ஸைத் தூக்கி வந்த காளியப்பன், அங்கே ஆடு மேய்ப்பவர், கிளம்பும்போது சொன்னார்:

"அமாவாசைங்க சார். வூட்டுக்கு வந்துருங்க."

"ஒம்பது மணிக்கு வந்துடறேங்க."

மணி 7.10. வெள்ளை வேட்டியை இரண்டு கம்புக்கு நடுவே திரைபோலக் கட்டி, அதன் பின்னால் விளக்கை வைத்தேன். ஈசல், வண்டு, அந்து... துணி நிறைந்தது.

7.55. சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

8.05. துணியிலிருந்த பூச்சிகள் பொத் பொத்தென்று உதிர்ந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

விளக்கின் சத்தம் மட்டும். உஸ்ஸ்ஸ்...

"இதையா தேடறீங்க?"

பெண் குரல். விளக்குக்கும் வேட்டிக்கும் நடுவிலிருந்து வந்தது.

துணியில் நிழல் விழவில்லை.

வேட்டி ஓரத்தில் ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் பூச்சி. சிறகோடு. இரண்டு மஞ்சள் புள்ளி.

அதன் மூக்கு சதைக்குள் இறங்கியிருந்தது. இதன் பெண் பூச்சி ஒருமுறை என்னைக் குத்தி, மூன்று நாள் துடித்திருக்கிறேன்.

அந்தக் கை அசையவில்லை.

"யா... யாரும்மா?"

"எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

எடுத்தேன். என் விரல் அந்த உள்ளங்கையில் பட்டது.

கல்.

8.12. விளக்கு அணைந்தது.

ஓடினேன்...

திங்கட்கிழமை பாறையைப் பிளந்து புரட்டினார்கள். அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. மூக்குத்தியைப் பார்த்து, ஊர்க்காரர் பச்சியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எந் தங்கச்சி தீர்த்தம்மாதாங்க..."

காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம்.

அதன்பின் அந்தக் கரட்டில் ஒரு பூச்சிகூடக் கிடைக்கவில்லை. ஆணும் பெண்ணும் என்னிடம்தான் இருக்கின்றன. இன்றுவரை பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால், பூச்சியைப் பிடித்தவர் யார் என்றும் எழுத வேண்டும். என்ன எழுதுவேன்?

எலும்புக்கூடு கிடைத்த அன்று போலீஸ்காரர் காளியப்பனைக் கேட்டார்:

"இந்தப் பாறை எப்ப உருண்டு வந்துச்சு?"

"உருளலீங்க. எங்க தாத்தன் பொறக்கறதுக்கு முந்தியே இங்கதாங்க கெடக்குது."

அதன் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்குக்கூடச் சந்து இருந்ததில்லை.