ஐந்தரை மணிக்கு என்ன நிறம்

கைப்பேசி விளையாட்டு தயாரிக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. நான் இருப்பது போர்ட் பிளேரில், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில், அம்மாவோடு. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். பிறகு மேலாளருக்கு மனம் மாறிவிட்டது. எல்லாரும் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால்தான் வேலை நடக்கும் என்று எங்கோ படித்துத் தொலைத்திருக்கிறார்.

"இந்த வானத்தை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் காட்டும்மா. அப்புறம் நீ அங்கேயே இரு, நான் கேக்க மாட்டேன். இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு" என்றார்.

இந்தியக் கரையை நாங்கள் மெயின்லேண்ட் என்போம். எனக்கு அது ஆகாது. படிப்புக்காக அங்கே இருந்து பார்த்துவிட்டேன். அந்தமான் என்று சொன்னதும், அங்கே கரண்ட் இருக்கா, போக பாஸ்போர்ட் வேணுமா, நீங்க எப்படித் தமிழ் பேசறீங்க என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்வியைத் தமிழில்தான் கேட்பார்கள், நானும் தமிழில்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அந்தக் கேள்விகளுக்கு நடுவே போய் வாழ எனக்கு விருப்பமில்லை. ஆகவே வானத்தை முடித்தாக வேண்டும்.

விளையாட்டில் ஒரு படகு, ஒரு கடல், மேலே வானம். விளையாடுபவரின் கைப்பேசியில் என்ன நேரமோ அந்த நேரத்து வானம் தெரியும். அதில் மாலை வானத்துக்குத்தான் பெரிய விளம்பரம். பெயர் 'அந்தமான் மாலை'. அந்தப் பெயரை வைத்த டிசைனர் அந்தமான் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. சுற்றுலாக்காரர்கள் சாயம் பூசிப் போட்ட படங்களைப் பார்த்து அவர் பன்னிரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். பீச்சாம், லாவெண்டராம், சால்மனாம்.

"சால்மன்னா என்னட்டி?" என்றாள் அம்மா.

"மீன்மா. அதோட சதை நிறம்."

"நாம அந்த மீன கண்ணாலயாவது பாத்திருக்கோமா? சூரை மீனுன்னு எழுதச் சொல்லு, நம்ம ஆளுகளுக்குப் புரியும்."

எங்கள் குடும்பம் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். நிறத்துக்கு மீன் பெயர் வைப்பதில் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. இங்கே வலையில் விழாத மீனின் பெயரை வைப்பதுதான் பக்வாஸ், சுத்தப் பேத்தல் என்றாள்.

திரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று முடிவு செய்யும் சின்ன நிரலுக்கு ஷேடர் என்று பெயர். லட்சக்கணக்கான புள்ளிகள். ஒரு நொடிக்குள் ஒவ்வொன்றுக்கும் அது பலமுறை ஓடும். எனக்கு முன் இதை எழுதிய சென்னைப் புத்திசாலி, ஒவ்வொரு புள்ளியையும் விசாரணைக் கமிஷன் முன் நிறுத்தியிருந்தார். நீ அடிவானத்திலா இருக்கிறாய்? அப்படியானால் ஆரஞ்சு. அதற்குச் சற்று மேலேயா? அப்படியானால் சால்மன். அதற்கும் மேலேயா? இப்படி ஏணி மாதிரி பன்னிரண்டு நிறங்களுக்கும் கேள்வி. மணி என்ன என்று கேட்க இன்னோர் ஏணி. கேள்வி கேட்டுக் கேட்டே கைப்பேசி கொதித்தது. அம்மாவின் பழைய போனில் போட்டுப் பார்த்தேன். இதுல கருவாடு சுடலாம் போலிருக்கே என்று அதை முந்தானையில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தீவில் வளர்ந்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். வெங்காயம் வேண்டும் என்று தோன்றும்போது கடைக்கு ஓடினால் இங்கே வெங்காயம் இருக்காது, கப்பல் வந்திருக்காது. கப்பல் வந்த அன்றே டாலிகஞ்ச் கடைக்குப் போய் வாங்கி வீட்டில் பரப்பி வைத்துவிடுவோம். பிறகு சமைக்கும்போது கை நீட்டினால் போதும்.

வானத்தையும் அப்படியே செய்தேன். நிறங்களை எல்லாம் முன்கூட்டியே கலந்து சின்னதாக ஒரு படம் செய்தேன். அதன் அகலம் அடிவானத்திலிருந்து உச்சி வரை. அதன் உயரம் காலையிலிருந்து இரவு வரை. இனிமேல் எந்தப் புள்ளியிடமும் கேள்வி கிடையாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய், மணி என்ன, இந்த இரண்டையும் வைத்துப் படத்தில் ஓரிடத்தைத் தொட்டு நிறத்தை எடுத்துக்கொள். அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து நிறங்களை இழைத்துக் கொடுக்கும் வேலையைக் கைப்பேசியின் சில்லே இலவசமாகச் செய்துவிடும்.

சில்லறைத் தொல்லைகள் இருந்தன. ஆரஞ்சையும் நீலத்தையும் அப்படியே கலந்தால் நடுவில் சாக்கடைத் தண்ணீர் நிறம் வந்தது. கலக்கும் கணக்கை மாற்றியதும் தெளிந்தது. இருட்டும் நேரத்தில் வானம் படிக்கட்டு போல் பட்டை பட்டையாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு தாறுமாறாகப் புள்ளிகளைத் தூவியதும் படிகள் மறைந்தன. கடைசியில் அம்மாவின் போன் குளிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி யாராலும் என்னை இங்கிருந்து கிளப்ப முடியாது என்று அவளிடமே சொன்னேன்.

எந்த நேரத்துக்கு எந்த நிறம் என்பதை எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் பொருத்தினேன். வேறு எதைப் பார்ப்பது? பெயரே அந்தமான் மாலை. டிசம்பர் மாதம். நாலரைக்கு வெளிச்சம் சரியும். ஐந்துக்குக் குடை மடக்கியதுபோல் சூரியன் போய்விடும். ஐந்தரைக்கு வீட்டில் விளக்கு எரியும். கடிகாரம் மட்டும் மெயின்லேண்ட் கடிகாரம். அவர்கள் எழுந்து பல் தேய்க்குமுன் எங்களுக்கு வெயில் ஏறிவிடும், அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் எங்களுக்கு இரவு. பிறந்ததிலிருந்து இப்படி வாழ்ந்து பழகியதால் இதில் சொல்ல ஏதும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை சென்னைக்கு அனுப்பியதெல்லாம் வீடியோதான். அதில் முழு நாளையும் வேகமாக ஓட்டிக் காட்டியிருந்தேன், எல்லாரும் ஆகா என்றார்கள். நிஜ போனில் காட்டும் கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு வைத்தார் மேலாளர். அந்தமான் மாலையை மாலையில் பார்ப்பதுதான் பொருத்தம் என்று அவருக்குக் கவித்துவம் பொங்கியிருந்தது. அங்கே பெரிய திரையில் போனை இணைத்தார்கள். இங்கே நான் வீடியோ அழைப்பில் இருந்தேன். பக்கத்தில் அம்மா மட்டிச் சிப்பிகளைப் பிரித்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

திரை கருப்பாக வந்தது. மூலையில் இரண்டு நட்சத்திரம்.

"என்னம்மா, க்ராஷ் ஆயிடுச்சா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். ராத்திரி ஆயிடுச்சு."

"எங்க?"

"இங்க."

அவர் மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். சென்னையில் வெயில் கண்ணாடி மேல் வழிந்துகொண்டிருந்தது. நானும் என் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். எங்கள் ஜன்னலில் இருட்டைத் தவிர ஏதும் இல்லை.

"இதுக்குத்தான் ஆபீஸ்ல வந்து உக்காருன்னு சொல்றது" என்றார் அவர். "அங்க உக்காந்துக்கிட்டு உனக்கு நேரமே தெரியல பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரம் தெரியாதது எனக்கா? சூரியன் எங்கே எப்போது இறங்குகிறது என்று இங்கே கண்ணால் பார்த்துச் செய்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் குரலை இறக்கிக்கொண்டு, இடத்துக்கு ஏற்றபடி மாலையை வர வைக்கிறேன், அந்தந்த ஊர்க்காரர்களுக்கு அந்தந்த ஊர்ச் சூரியன் என்று கேட்டுப் பார்த்தேன்.

டிசைனர் வாயைத் திறந்தார். "லொகேஷன் கேட்டா பாதிப் பேர் இன்ஸ்டால் பண்ண மாட்டாங்க. அந்தமான்ல எத்தனை பேர் விளையாடப் போறாங்க? எல்லாருக்கும் ஆறு மணின்னு வச்சிடலாம்."

அந்தமான் மாலை அந்தமானுக்குத் தேவையில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. மேலாளர் என்னைப் பார்த்தார். மாற்றுகிறாயா, கிளம்பி வருகிறாயா என்று அவர் வாயால் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

படத்தில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. மணியைப் படத்தோடு பொருத்தும் இடத்தில் ஒரே ஓர் எண். அதை ஒரு மணி நேரம் தள்ளினேன், புதிய பதிப்பை அனுப்பினேன். சற்று நேரத்தில் சென்னைத் திரையில் ஆரஞ்சு, சால்மன், லாவெண்டர் என்று பன்னிரண்டும் பூத்தன. அறை முழுக்கக் கைதட்டல். போனைத் தொட்டுப் பார்த்த மேலாளர், சூடே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். "சரிம்மா, நீ அங்கேயே இரு" என்றார்.

விளையாட்டு வெளியானதும் முதல் ஆளாக இறக்கிக்கொண்டவள் அம்மாதான். மறுநாள் மாலை, வெளியே இருட்டியதும், போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"ஏட்டி, பாஹர் அந்தேரா ஆயிட்டு. இதுல இன்னும் தூப் அடிக்கி?"

"ஆறு மணி வரைக்கும் வெயில்தான்மா, ஆறு மணிக்குத்தான் மாலை வரும்."

"அந்தமான் மாலைன்னுதான போட்டிருக்கான்?"

"ஆமா."

"அப்போ ஆறு மணிக்கு யாருக்கு மாலை?"

மெயின்லேண்டுக்கு என்றேன். எப்படி, ஏன் என்று முழுவதும் சொன்னேன். அவள் போனை மேடைமேல் சாய்த்து வைத்தாள். அதில் படகின் மேல் வெயில் எரிந்துகொண்டிருந்தது. வெளியே பூச்சிகள் கத்தத் தொடங்கியிருந்தன.

"நீ என்கூட இருக்கணும்னு, நம்ம சூரியன அவனுகளுக்கு அனுப்பிட்டியோ?" என்றாள்.

ஆமாம்மா என்றேன்.