முதலைக்கு ஒரு ‘ங்க’

மல்லசமுத்திரம் பக்கத்தில் சின்னண்ணனைப் போல மரியாதை தெரிந்த மனிதர் கிடையாது என்பார்கள். ஐம்பத்தாறு வயது, ஆறு ஏக்கர் மரவள்ளி, ஒரு கோழிப்பண்ணை. பஸ் கண்டக்டருக்கு ‘ங்க’, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ‘ங்க’. சிலிண்டர் பதியும்போது போனில் பேசும் இயந்திரக் குரலுக்கும், “சரிங்க, ஒண்ண அமுத்தறனுங்க” என்று பதில் சொல்வார். தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களிடம் மட்டும் அந்த ‘ங்க’ வற்றிவிடும். அவரைவிட ஏழு வயது மூத்த மாதையன் இன்றைக்கும் அவருக்கு ‘டேய்’தான். அதற்காக அவரை மரியாதை கெட்டவர் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

இந்த மனிதருக்குச் சினிமாவில் வேஷம் கிடைத்தது. ஏரிக்குள் புகுந்த கொலைகார முதலை ஊராரை ஒவ்வொருவராகத் தின்கிற திகில் படம். மூன்றாவதாகச் சாகிறவர் சின்னண்ணன். வசனம் ஒன்றே ஒன்று: “விடு! விடு!” அதற்கே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக ஊரையெல்லாம் அழைத்துவிட்டார். மகள் சண்முகப்பிரியாவைக் கட்டிக்கொடுத்த ஆட்டையாம்பட்டிச் சம்பந்தி வீட்டார் காரில் வந்து, ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

முதலைத் தோலுக்குள் இருக்கவேண்டிய சென்னைக்காரர் ஏரித் தண்ணீரைப் பார்த்ததுமே காய்ச்சல் என்று படுத்துவிட்டார். கிணற்றில் முங்கித் தூர் அள்ளிப் பழகிய மாதையனைப் பிடித்து உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தார்கள். சின்னண்ணன் அப்போது முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரியாது.

இயக்குநர் கை காட்டினார். முதலை வந்து காலைக் கவ்வியது.

“அய்யோ, உடுங்க! உடுங்க சாமி!” என்று அலறினார் சின்னண்ணன்.

“முதலைக்கு எதுக்கு சார் மரியாதை?”

“பழகிப்போச்சுங்க. இன்னொருக்கா பாக்கலாமுங்க.”

இன்னொருக்கா, இன்னொருக்கா என்று எட்டு முறை ஆயிற்று. தலைகீழாக நின்றும் அந்த ‘ங்க’ போகவில்லை. நான்காம் முறை, “மெதுவாக் கடிங்க” என்று வேறு சேர்த்துக்கொண்டார். சம்பந்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“இந்தத் தடவையும் ‘ங்க’ வந்தா, டீ போடற செங்கோடன்தான் சாகப்போறாரு” என்றார் இயக்குநர். சின்னண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி முன்னால் சாகக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே!

ஒன்பதாம் முறையும் முதலை கவ்வியது. உள்ளே மாதையனுக்கு மூச்சு முட்டியது. முதலையின் வாயைத் தூக்கி, “சாமி, செத்த பொறுங்க, மூச்சு உட்டுக்கறனுங்க” என்றார்.

அந்தக் குரல் சின்னண்ணனுக்குத் தெரியாததா?

“டேய் மாதையா! நீயாடா உள்ளார? எம்பட காலயாடா புடிக்கற? உட்றா! உட்றா நாயே!”

கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

“ஓகே! இந்த வெறிதான் சார் வேணும்! வசனத்த டப்பிங்ல மாத்திக்கலாம்!”

சம்பந்தி வீட்டார் எழுந்து கை தட்டினார்கள். சின்னண்ணன் ஈர வேட்டியோடு நேரே அவர்களிடம் போய், “வாங்க, டீ சாப்புடலாமுங்க” என்றார்.

மாதையன் கரையேறினார். ஜிப்பை இறக்கிவிட்ட இயக்குநர், “பிரமாதம் பெரியவரே. ஏதாவது வேணுமா?” என்று கேட்டார்.

“முந்தி எடுத்த எட்டும் படத்துல வருமுங்களா?”

“அதெல்லாம் அழிச்சிடுவோம். ஏன்?”

“அழிக்கறதுக்கு முன்னால எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டுங்க சாமி. அதுலதான் அவரு என்னைய ‘உடுங்க’ன்னாரு.”