கழுத்தில் தொங்கிய பலகை

தாம்பரத்தில் இங்கிலீஷ் என்றால் ஞானஜோதி டீச்சர்தான். வெண்டைக்காய் விலையை இங்கிலீஷில் கேட்டுவிட்டுப் பேரத்தை மட்டும் தமிழில் பேசுவாள் என்று கடைத்தெருவில் கிண்டல் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் சர்ச் ஹாலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தாள். தான் படித்த கான்வென்ட் வழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தாள். தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரப்பலகை. அடுத்த ஆள் வாய் தவறும்வரை இறங்காது. ரயில்வே ஃபிட்டரும் தபால்காரர் சம்பத்தும் மாட்டிக்கொண்டு அசடு வழியச் சிரித்தார்கள். சிரிக்கிறார்களே, பிடித்திருக்கிறது போலும் என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள்.

பச்சையம்மா ஆஸ்பத்திரி ஆயா. ஒரு சாயங்காலம் பாதி வகுப்பில் எழுந்து, மகளுக்கு ஜுரம், போகணும் என்றாள். தமிழில். வகுப்பு குஷியாகிவிட்டது. டீச்சரே பலகையை மாட்டிவிட்டு, இங்கிலீஷில் கேட்டால்தான் அனுப்புவேன் என்றாள். பச்சையம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தபிறகுதான் எழுந்தாள். அந்த வாரம் அப்புறம் வகுப்புக்கு வரவில்லை.

அன்றிரவு மகள் காமுவுக்கு வலிப்பு கண்டு, பிழைத்ததே பெரிய பாடு என்று இரண்டு நாள் கழித்து சம்பத் வந்து சொன்னார். டீச்சர் பலகையை வெந்நீர் அடுப்பில் செருகினாள். இனி பச்சையம்மா வருவாளா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீடு இருந்த கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பை வாசலில் டீச்சர் ஆரம்பிப்பதற்குள் பச்சையம்மா பாயை விரித்துப் போட்டாள்.

"அன்னிக்கு நா சொன்னது ஒனக்குப் புரிஞ்சிச்சா டீச்சர்?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சிகினுதான் இங்கிலீசுல கேளுன்னியா?"

அதற்குள் காமு வந்து டீச்சர் எதிரில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீங்கதான் இங்கிலீஷ் டீச்சரா? க்ளாசுல எங்கம்மாதான் ஃபர்ஸ்ட்டாமே?"

பச்சையம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா கண்ணு," என்றாள் டீச்சர். "உங்கம்மாதான்."

திங்கட்கிழமை பச்சையம்மா வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், ஞானஜோதி டீச்சர் அன்றைய பாடம் முழுவதையும் கரும்பலகைக்கே நடத்தினாள்.